சமையல் மேடைச் சுவருக்கு நாமே டைல் ஒட்டலாம்: முழுமையான வழிகாட்டி

தாளிக்கும்போது தெறிக்கும் எண்ணெய், மிக்ஸி மூடியை மீறி வழியும் சட்னி, பாத்திரம் கழுவும்போது அடிக்கும் தண்ணீர் எல்லாம் போய்ச் சேர்வது ஒரே இடத்தில்தான்: கிரானைட் மேடைக்கும் மேலே இருக்கும் அலமாரிக்கும் நடுவில் உள்ள இரண்டடிச் சுவர். அங்கே பெயின்ட் அடிப்பது வீண் செலவு. டைல்தான் சரி. அதை ஒட்டுவதற்கு ஆள் தேடி அலைய வேண்டிய அவசியமும் இல்லை.

தரைக்கு டைல் போடுவதை விட இது எளிது. மிதிபடாது, பாரம் ஏறாது, நின்றபடியே வேலை செய்யலாம், பரப்பும் முப்பது சதுர அடிக்குள் அடங்கிவிடும். ஆனால் கொத்தனார் ஒரே நாளில் முடித்துவிட்டுப் போகும் வேலைக்கு நமக்கு நாலைந்து நாள் பிடிக்கும். அதில் டைல் ஒட்டுவது ஒரு நாள்தான். மற்றதெல்லாம் சுவரைத் தயார் செய்வது, அளவு போடுவது, காயவிடுவது. பிற்காலத்தில் டைல் கழன்று விழுந்த சமையலறைகளைப் பாருங்கள். பெரும்பாலும் டைலில் குறை இருக்காது, அதற்குப் பின்னால்தான் இருக்கும். அதனால் இந்த வழிகாட்டியிலும் கண்ணுக்குத் தெரியாத அந்தப் பகுதிக்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

உதாரணத்துக்கு 'ட' வடிவ மேடை ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஒரு பக்கம் 8 அடி, மறுபக்கம் 6 அடி, ஒட்ட வேண்டிய உயரம் 2 அடி. மொத்தம் 28 சதுர அடி. டைல் 12 அங்குலத்துக்கு 18 அங்குலம், அதாவது 30 செ.மீ.க்கு 45 செ.மீ. படுக்கை வாட்டில் வைத்தால் இரண்டே வரிசையில் இரண்டடி உயரம் நிறைந்துவிடும்.

முதலில் சுவர்

மெயின் பெட்டியில் சமையலறைக்கு மின்சாரம் போகும் எம்.சி.பி. சுவிட்சை அணைத்து, டெஸ்டர் வைத்துப் பார்த்துவிட்டுச் சுவிட்ச் பலகைகளைக் கழற்றுங்கள். கம்பி முனைகளுக்கு டேப் சுற்றுங்கள். ரெகுலேட்டரை மூடிக் கழற்றி, சிலிண்டரை அறைக்கு வெளியே கொண்டுபோய் வையுங்கள். டைல் வெட்டும் கிரைண்டரின் தீப்பொறியும் சிலிண்டரும் ஒரே அறையில் இருக்கக் கூடாது. மேடை மேல் அட்டைப்பெட்டியை விரித்துப் போட்டு, அதன் மேல் பழைய போர்வை ஒன்றைப் போடுங்கள். சிங்க் ஓட்டையைத் துணியால் அடையுங்கள், இல்லாவிட்டால் சிமெண்ட் துகள் குழாய்க்குள் போய் இறுகிவிடும்.

சுவரில் இருக்கும் பெயின்ட்டையும், அதற்கு அடியில் வெள்ளையாகப் பூசியிருக்கும் பட்டியையும் முழுக்கச் சுரண்டி எடுக்க வேண்டும். இதில் சமரசம் வேண்டாம். டைல் ஒட்டும் பசை (தண்ணீரில் கலக்கும் பொடியாகப் பையில் வரும்) பட்டியை நன்றாகவே பிடித்துக்கொள்ளும். ஆனால் பட்டிக்குச் சுவர் மேல் இருக்கும் பிடி டைலின் எடையைத் தாங்காது. இரண்டு வருஷம் கழித்து டைல் விழும்போது அதன் முதுகில் வெள்ளையாக ஒட்டிக்கொண்டு வருவது இந்தப் பட்டிதான். தண்ணீர் தெளித்துப் பத்து நிமிடம் ஊறவிட்டால் பட்டி பிளேடுக்கு இலகுவாக வரும். சாம்பல் நிறச் சிமெண்ட் பூச்சு தெரியும் வரை சுரண்டுங்கள். பூச்சு வழுவழுவென்று இருந்தால் சின்ன உளியை வைத்து ஒன்றிரண்டு அங்குலத்துக்கு ஒரு கொத்து போடுங்கள். அடுப்புக்குப் பின்புறம் எண்ணெய்ப் பிசுக்கு ஊறியிருக்கும். அந்தப் பகுதியைச் சலவைச் சோடா கரைத்த வெந்நீரால் தேய்த்து, நல்ல தண்ணீரில் கழுவிக் காயவிடுங்கள்.

அடுத்து சுத்தியல் காம்பால் சுவர் முழுக்கத் தட்டிக்கொண்டே போங்கள். கெட்டியான சத்தம் வந்தால் நல்லது. உள்ளே காலியாக இருப்பது போல் 'டொப்' என்று கேட்டால் பூச்சு செங்கல்லை விட்டுவிட்டது என்று அர்த்தம். அந்த இடத்தைக் கொத்தி எடுத்துப் புதிதாகப் பூச வேண்டும். புதுப் பூச்சுக்கு ஒரு வாரம் தண்ணீர் காட்டி, பிறகு நன்றாகக் காய்ந்த பின்தான் டைல்.

சுவரின் மறுபக்கம் குளியலறையா? அப்படியானால் ஓர் அடிச் சதுரப் பிளாஸ்டிக் தாளைச் சுவரில் வைத்து நாலு ஓரமும் டேப் ஒட்டி ஒரு நாள் விடுங்கள். எடுக்கும்போது உட்புறம் வியர்த்திருந்தால் குழாய்க் கசிவோ ஓதமோ இருக்கிறது. அதைச் சரிசெய்யாமல் மேலே டைல் ஒட்டினால் ஈரம் பூச்சைப் பின்னாலிருந்து அரித்துக்கொண்டே இருக்கும்.

கடைசியாக மட்டம். ஆறடி அலுமினிய மட்டக்கம்பைச் சுவரில் நெடுக்காகவும் குறுக்காகவும் சாய்வாகவும் வைத்துப் பாருங்கள். கம்புக்கும் சுவருக்கும் நடுவே 3 மி.மீ. வரை இடைவெளி இருந்தால் பசையே அதைச் சமாளித்துவிடும். அதற்கு மேல் பள்ளம் இருந்தால் அதே பசையை முந்தின நாளே மெலிதாகப் பூசி நிரவிக் காயவிடலாம். 10 மி.மீ.க்கு மேல் போனால் கொத்தனாரைக் கூப்பிட்டுப் பூசச் சொல்லுங்கள். அதைப் பசையால் நிரப்ப நினைக்காதீர்கள். தடித்த பசை காயும்போது சுருங்கி டைலை இழுத்துவிடும்.

பழைய டைல் மேலேயே புது டைல் ஒட்டலாமா என்று பலர் கேட்பார்கள். பழைய டைல் ஒன்றுகூட ஆடாமல், தட்டினால் கெட்டிச் சத்தம் வந்தால் ஒட்டலாம். அதற்கென்றே வரும் பசையைக் கேட்டு வாங்குங்கள். ஆனால் மேடைக்கு அருகே சுவர் ஒரு செ.மீ.க்கு மேல் முன்னால் வரும். பிளக் பாயின்ட்டும் குழாயும் அவ்வளவு உள்ளே போய்விடும். எனக்கு அது பிடிப்பதில்லை. வலு இருந்தால் பழையதைக் கொத்தி எடுத்துவிடுவதே மேல்.

கடையில் கவனிக்க வேண்டியவை

சுவர் டைலில் செராமிக், விட்ரிஃபைடு என்று இரண்டு வகை. செராமிக்கின் முதுகு தண்ணீரை உறிஞ்சும். விட்ரிஃபைடு கிட்டத்தட்ட உறிஞ்சாது, அதனால் வெறும் சிமெண்ட் கலவை அதில் பிடிக்காது. சமையலறைச் சுவருக்குச் செராமிக் போதும். எடை குறைவு, வெட்டுவதும் எளிது. மேல்பரப்பு வழவழப்பாக இருக்கட்டும். கல் போலச் சொரசொரப்பாக வரும் டைல் கடை விளக்கில் அழகாக இருக்கும், வீட்டில் அதன் ஒவ்வொரு பள்ளத்திலும் எண்ணெய் உட்கார்ந்துவிடும்.

12க்கு 18 டைல் ஒரு பெட்டியில் ஆறு இருந்தால் 8.7 சதுர அடி வரும். நம் 28 சதுர அடியோடு சேதாரத்துக்குப் பத்து சதவீதம் சேர்த்தால் 31, ஆக நாலு பெட்டி. எல்லாப் பெட்டியிலும் பேட்ச் எண்ணும் ஷேடு எண்ணும் ஒன்றாக இருக்கிறதா என்று கடையிலேயே பாருங்கள். நம் ஊருக்கு வரும் டைலில் பெரும்பகுதி குஜராத்தின் மோர்பியில் தயாராகிறது. ஒரே மாடலாக இருந்தாலும் சூளைக்குச் சூளை நிறம் லேசாக மாறும். தனித்தனியாகப் பார்த்தால் தெரியாது, சுவரில் பக்கத்துப் பக்கத்தில் வந்ததும் பளிச்சென்று தெரியும்.

பசைக்கான இந்தியத் தர எண் ஐஎஸ் 15477. பையில் டைப் 1, டைப் 2 என்று போட்டிருக்கும். செராமிக்குக்கு டைப் 1 போதும் என்றாலும் டைப் 2 வாங்குங்கள். பிடிமானம் கூடுதல், நமக்குத் தேவை ஒரே பை என்பதால் செலவும் பெரிதாக ஏறாது. 20 கிலோ பை, 3 மி.மீ. கனத்துக்கு ஏறத்தாழ 50 சதுர அடி வரும்.

மற்றவை: 6 மி.மீ. பல் வைத்த கொத்தனார் கரண்டி, ரசமட்டம், டைல்களுக்கு நடுவே சீரான இடைவெளி விட 2 மி.மீ. ஸ்பேசர், பிளாஸ்டிக் ஆப்பு, ரப்பர் சுத்தியல், கையால் தள்ளி வெட்டும் டைல் கட்டர், டைமண்ட் பிளேடு போட்ட 4 அங்குலக் கிரைண்டர், இரண்டு வாளி, ஸ்பாஞ்ச், கண்ணாடி, முகமூடி, கையுறை. கட்டரையும் கிரைண்டரையும் வாடகைக்குக் கேட்டுப் பாருங்கள்.

வெட்டுத் துண்டு எங்கே வர வேண்டும்?

பசைப் பையைப் பிரிப்பதற்கு முன் இந்தக் கணக்கைப் போட்டுவிடுங்கள். 8 அடிச் சுவர் 244 செ.மீ. டைல் 45 செ.மீ., இரண்டு டைலுக்கு நடுவே விடும் ஜாயின்ட் 2 மி.மீ. ஒரு மூலையிலிருந்து ஆரம்பித்தால் ஐந்து முழு டைல் போய், மறு ஓரத்தில் 18 செ.மீ. துண்டு ஒன்று வரும். சுவரின் நடுவில் ஒரு டைலின் நடுப்பகுதி வருவது போல் வைத்தால் இரண்டு ஓரத்திலும் எட்டரை செ.மீ. கீற்று வரும். அது பார்க்க நன்றாக இருக்காது, வெட்டும்போதும் உடையும். சுவரின் நடுவில் ஜாயின்ட் வருவது போல் வைத்தால் நாலு முழு டைலும், இரு ஓரத்திலும் 31 செ.மீ. துண்டும் வரும். மூன்று முறையிலும் வரிசைக்கு ஆறு டைல்தான் செலவாகும். அப்படியிருக்க மூன்றாவதைத் தவிர வேறெதையும் தேர்ந்தெடுக்கக் காரணமே இல்லை. அடுப்பும் சிம்னியும் சுவரின் நடுவில் இல்லாமல் ஒதுங்கி இருந்தால், சிம்னியின் நடுவை மையமாக வைத்துப் பாருங்கள். சமையலறைக்குள் நுழைந்ததும் கண் போவது அங்கேதான்.

மூலையில் 31 செ.மீ. வெட்டியது போக மிஞ்சும் 14 செ.மீ. துண்டைத் தூக்கிப் போடாதீர்கள். பக்கத்து 6 அடிச் சுவரை அந்தத் துண்டிலிருந்து தொடங்குங்கள். ஒரே டைல் மூலையில் மடிந்து திரும்பியது போல் இருக்கும். சாயலில் கோடுகள் ஓடும் டைலாக இருந்தால் இது மிக அழகாக வரும். அந்தத் துண்டுக்குப் பிறகு மூன்று முழு டைல், கடைசியில் 32 செ.மீ. சுமாருக்கு ஒரு துண்டு. ஆக மொத்தம் வரிசைக்குப் பத்து, இரண்டு வரிசைக்கு இருபது டைல். நாலு பெட்டியில் நாலு டைல் கைவசம் மிஞ்சும்.

ஒரு நீளச் சட்டத்தில் டைல், ஜாயின்ட், டைல், ஜாயின்ட் என்று பென்சிலால் குறித்துக்கொண்டு, அதைச் சுவரில் நகர்த்தி நகர்த்திப் பாருங்கள். பிளக் பெட்டி எந்த டைலில் விழுகிறது, குழாய் ஜாயின்ட்டில் மாட்டுகிறதா என்பதெல்லாம் முன்கூட்டியே தெரிந்துவிடும்.

கிரானைட் மேடை மட்டமாகத்தான் இருக்கும் என்று நம்பிவிடாதீர்கள். ரசமட்டம் வைத்துப் பாருங்கள். இரு முனைக்கும் வித்தியாசம் 3 மி.மீ.க்குள் இருந்தால், மேடையின் மிக உயரமான இடத்திலிருந்து 30.3 செ.மீ. மேலே மட்டக்கோடு போடுங்கள். டைலுக்கும் மேடைக்கும் நடுவே 3 முதல் 6 மி.மீ. இடைவெளி வரும், கடைசியில் அடிக்கும், ரப்பர் போல இறுகும் சிலிக்கான் அதை மறைத்துவிடும். வித்தியாசம் அதிகமென்றால் மிகத் தாழ்ந்த இடத்திலிருந்து கோடு போட்டு, மற்ற இடங்களில் டைலின் அடிப்பகுதியைக் கிரைண்டரால் தேய்த்துக் குறைக்க வேண்டும். எப்படியும் கோடு மட்டமாக இருக்க வேண்டும். மேடையைப் பார்த்து டைலை அடுக்கினால் மேலே அலமாரி வரும் இடத்தில் கோணல் காட்டிக்கொடுத்துவிடும்.

வெட்டுவது

நேர் வெட்டுக்குக் கட்டர் போதும். அளவு குறித்து, ஒரே அழுத்தத்தில் ஒரே ஒரு முறை கீறி, கைப்பிடியை அழுத்தினால் டைல் இரண்டாகப் பிரியும். திரும்பத் திரும்பக் கீறினால் ஓரம் பல் பல்லாக உடையும். பிளக் பெட்டிக்கான ஓட்டைக்கும் 'ட' வெட்டுக்கும் கிரைண்டர். உள் மூலையில் முதலில் சிறு துளை போட்டுவிட்டு அதுவரை வெட்டுங்கள். கூர்மையான உள் மூலையிலிருந்துதான் விரிசல் கிளம்பும். குழாய்க்கு வட்டமாக வெட்டும் டைமண்ட் பிட்டைச் சாய்வாகத் தொடங்கி மெல்ல நேராக்குங்கள், இல்லையென்றால் வழுக்கி ஓடும்.

கிரைண்டர் வேலையை மொட்டைமாடியிலோ வாசலிலோ தண்ணீர் ஊற்றியபடி செய்யுங்கள். கிரைண்டரின் வயரும் பிளக்கும் ஈரத்தில் படாமல், எர்த் கசிவுக்கு டிரிப் ஆகும் இணைப்பிலிருந்து மின்சாரம் எடுங்கள். உலர்ந்து வெட்டும்போது பறக்கும் தூளில் சிலிக்கா இருக்கிறது, நுரையீரலுக்கு அது மிகக் கெடுதல். பிளேடு மூடியைக் கழற்றிவிட்டு வேலை செய்யும் பழக்கம் வேண்டவே வேண்டாம்.

ஒட்டுவது

வாளியில் முதலில் தண்ணீர், அதில் பொடி. எவ்வளவு தண்ணீர் என்பது பையில் இருக்கும், அதை அளந்தே ஊற்றுங்கள். ஒரு தடவைக்கு ஐந்து கிலோவுக்கு மேல் கலக்காதீர்கள். கட்டி இல்லாமல் கலந்து பத்து நிமிடம் விட்டுவிட்டு, தண்ணீர் சேர்க்காமல் இன்னொரு முறை கலக்குங்கள். இட்லி மாவைவிடக் கெட்டியாக, கரண்டியைக் கவிழ்த்தால் விழாமல் நிற்க வேண்டும். வாளியில் இறுகத் தொடங்கிய பசையில் தண்ணீர் விட்டுத் தளர்த்துவது பெரிய தப்பு. அதைக் கொட்டிவிட்டுப் புதிதாகக் கலக்குங்கள்.

செராமிக் டைலைத் தண்ணீரில் ஊறப்போட வேண்டுமா? சிமெண்ட் கலவையில் ஒட்டுகிறவர்கள் ஊறப்போடுவார்கள். பசைக்கு அது தேவையில்லை, போடவும் கூடாது. முதுகில் இருக்கும் தூளை ஈரத்துணியால் துடைத்தால் போதும். முதுகில் அம்புக்குறி இருந்தால் எல்லா டைலும் ஒரே பக்கம் பார்க்கட்டும்.

சுவரை லேசாக ஈரப்படுத்தி, மின்விசிறியை நிறுத்திவிடுங்கள். கரண்டியின் தட்டைப் பக்கத்தால் பசையை மெலிதாக அழுத்தித் தேயுங்கள். சுவரின் துவாரங்களுக்குள் பசை இறங்குவது இந்த முதல் தேய்ப்பில்தான். பிறகு இன்னும் கொஞ்சம் பசை எடுத்து, பல் பக்கத்தால் ஒரே திசையில் இழுங்கள். வரி வரியாக நிற்கும். இரண்டு டைலுக்கு வேண்டிய அளவு மட்டும் பூசுங்கள். பசையைத் தொட்டால் விரலில் ஒட்ட வேண்டும். ஒட்டாமல் மேலே தோல் கட்டியிருந்தால் சுரண்டி எறியுங்கள். சித்திரை, வைகாசி வெயிலில் பையில் சொல்லும் நேரத்துக்கு முன்பே தோல் கட்டிவிடும்.

மேடை மேல் 3 மி.மீ. ஆப்புகளை வைத்து, நடு ஜாயின்ட்டுக்கு இருபுறமும் முதல் இரண்டு டைலை வையுங்கள். டைலை வரிகளுக்குக் குறுக்காக ஒரு செ.மீ. நகர்த்தி அழுத்துங்கள். வரிகள் சரிந்து ஒன்றோடொன்று சேர்ந்து, நடுவில் இருந்த காற்று வெளியேறும். ரப்பர் சுத்தியலால் மெல்லத் தட்டி, ரசமட்டம் பாருங்கள்.

இப்போது, ஒட்டிய முதல் டைலைக் கழற்றுங்கள். ஆமாம், நன்றாக உட்கார்ந்த டைலையே நெம்பி எடுத்து முதுகைப் பாருங்கள். பசை முதுகு முழுக்கப் படர்ந்திருக்க வேண்டும், குறிப்பாக நாலு மூலையிலும். வரிகள் வரிகளாகவே பதிந்திருந்தால் பசை கெட்டி, அல்லது அழுத்தம் போதவில்லை. டைலின் முதுகிலும் மெலிதாகப் பூசி மறுபடி வையுங்கள். நாலு மூலையிலும் நடுவிலும் ஐந்து உருண்டை வைத்து டைலை அப்பிவிடும் முறையைப் பல இடங்களில் பார்க்கலாம். வேலை வேகமாக முடியும், சுவர் கோணலும் மறைந்துவிடும். ஆனால் உருண்டைகளுக்கு நடுவே காலி இடம். பிற்பாடு கொக்கி மாட்ட டிரில் வைத்தால் அந்த இடத்தில்தான் டைல் உடைகிறது. ஜாயின்ட்டை நிரப்பும் கிரவுட் கொஞ்சம் உதிர்ந்தால் கரப்பான் பூச்சி குடியேறுவதும் அங்கேதான். சமையலறைக்கு இந்த முறையை எக்காரணம் கொண்டும் அனுமதிக்காதீர்கள், ஆள் வைத்துச் செய்தாலும்.

நடுவிலிருந்து இருபுறமும் கீழ் வரிசையை முடித்துவிட்டு மேல் வரிசைக்குப் போங்கள். வெட்டுத் துண்டுகளுக்கு முன்பே போட்ட அளவை நம்பாமல், அந்தந்த இடத்தில் அளந்து வெட்டுங்கள். வெட்டிய ஓரம் மூலைப் பக்கம் போகட்டும். மூலையில் இரு சுவர் டைலும் முட்டாமல் 3 மி.மீ. விடுங்கள். ஜாயின்ட்டில் பிதுங்கும் பசையை ஈரமாக இருக்கும்போதே குச்சியால் வழித்துவிடுங்கள். டைலின் மேல் ஓரம் அலமாரிக்கு அடியில் மறையாமல் வெளியே தெரியும் என்றால் அலுமினிய ஓரப்பட்டியையும் இப்போதே டைலோடு சேர்த்துப் பதிக்க வேண்டும்.

கிரவுட்

ஒரு நாள் முழுக்கக் காய வேண்டும். மழைக்காலம் என்றால் இரண்டு நாள். பிறகு ஸ்பேசர்களைப் பிடுங்குங்கள்.

வெள்ளைச் சிமெண்ட்டைக் குழைத்து ஜாயின்ட்டில் அப்புவதை விட்டுவிடுங்கள். அது சுருங்கும், மஞ்சளடிக்கும். சிமெண்ட் கிரவுட், எபாக்சி கிரவுட் என்று இரண்டு இருக்கிறது. நம் சமையலுக்கு எபாக்சிதான் என் பரிந்துரை. எண்ணெயும் புளித்தண்ணீரும் உள்ளே இறங்காது. ஒரு கிலோ பாக்கெட் தாராளம். நிறம் மட்டும் வெள்ளை வேண்டாம். மஞ்சள்தூள் கறை எபாக்சியிலும் வெளிர் நிறத்தில் தங்கிவிடும். சாம்பலோ டைலுக்கு ஒத்த அடர் நிறமோ நல்லது.

எபாக்சியில் இரண்டு திரவமும் ஒரு பொடியும் இருக்கும். விகிதம் பிசகினால் இறுகாது. சீக்கிரம் இறுகும் பொருள் என்பதால் பாதி பாதியாக, தராசில் எடை போட்டுக் கலக்குங்கள். ரப்பர் பலகையால் ஜாயின்ட்டுக்குச் சாய்வாக அழுத்தி நிரப்பி, நாலைந்து டைலுக்கு ஒருமுறை ஈர ஸ்கிரப்பரால் வட்டமாகத் தேய்த்து, பிழிந்த ஸ்பாஞ்சால் துடையுங்கள். டைல் மேல் மெல்லிய படலமாக இறுகிப்போன எபாக்சியை எடுப்பது பெரும்பாடு. சிமெண்ட் கிரவுட் போடுவதென்றால் துடைக்க அவசரமில்லை, கால் மணி நேரம் பொறுத்துத் துடைத்து, அடுத்த இரண்டு நாள் லேசாகத் தண்ணீர் தெளியுங்கள்.

மேடையும் சுவரும் சேரும் இடத்திலும், இரு சுவர் சேரும் மூலையிலும் கிரவுட் போடாதீர்கள். கிரானைட்டும் சுவரும் வெவ்வேறு விதமாக அசையும், கிரவுட் சில மாதத்தில் கீறிவிடும். ஆப்புகளை எடுத்துவிட்டு அங்கே சிலிக்கான் அடியுங்கள். கடையில் நியூட்ரல் வகை என்று கேளுங்கள். வினிகர் வாடை அடிக்கும் சாதாரணச் சிலிக்கான் கிரானைட் ஓரத்தில் கறை ஏற்றலாம். இருபுறமும் டேப் ஒட்டி, சிலிக்கானைச் சோப்புத் தண்ணீர் தொட்ட விரலால் ஒரே இழுப்பில் வழித்து, ஈரமாக இருக்கும்போதே டேப்பை உரித்தால் கோடு நேராக வரும்.

திரும்ப மாட்டுவது

டைலும் பசையும் சேர்ந்து சுவர் ஒரு செ.மீ.க்கு மேல் முன்னால் வந்திருக்கும். சுவிட்ச் பலகையின் பழைய திருகு எட்டாது, நீளத் திருகு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். சுவர்க் குழாய்க்கு அரை அங்குல எக்ஸ்டென்ஷன் நிப்பிள் தேவைப்படும். குழாயைச் சுற்றியும் சிலிக்கான் அடித்துவிடுங்கள், டைலுக்குப் பின்னால் தண்ணீர் போகும் முக்கிய வழி அதுதான்.

எபாக்சியும் சிலிக்கானும் ஒரு நாள் தண்ணீர் படாமல் காய வேண்டும். முதல் வாரம் வெறும் ஈரத்துணியால் துடையுங்கள். அதன் பிறகும் ஆசிட் பக்கம் போகாதீர்கள். சிமெண்ட் கிரவுட்டையும் கிரானைட் பளபளப்பையும் அது தின்றுவிடும்.

அடுப்பை மேடையில் ஏற்றி, டியூப்பில் பழைய வெடிப்பு எதுவும் இல்லையா என்று பார்த்து, ரெகுலேட்டரை மாட்டுங்கள். ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு, இணைப்புகளில் சோப்பு நுரையைத் தடவிப் பாருங்கள். குமிழி கிளம்பினால் ரெகுலேட்டரை மூடிவிட்டு, கேஸ் ஏஜென்சியிலிருந்து ஆள் வந்து பார்க்கும் வரை அடுப்பைப் பற்றவைக்க வேண்டாம்.